ஒட்டியாணத்துக்காக இடுப்பா?

பட்டிமன்றத் தலைப்பு: ஆடற்கலை பயிலும் பிள்ளைகள் பட்டினி கிடந்து உடம்பை வருத்திக்கொள்ளப் பெரிதும் காரணம் – அவர்களுடைய ஆசையே! சுற்றியிருப்போர் சொல்லே!

('சுற்றியிருப்போர் சொல்லே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்ட என் அணித் தோழர்களே! எனக்கு முன்னால் பேசி என் வேலையை இரண்டு மடங்காக்கிவிட்ட எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டபடியே பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே! சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டாம். இன்றைக்கு நான் பேசப்போவதே 'சாப்பிடுங்கள்' என்பதைப் பற்றித்தான். (சிரிப்பு)

நடுவர் ஐயா என்னை அழைக்கும்போது, 'அடுத்து வருகிறவர் கனமான பேச்சாளர்' என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார்கள். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு ஐம்பத்தாறு வயது. வீட்டுக்குப் போய் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். ஆனால் ஐயா, இதே வார்த்தையை, இதே பார்வையை, சலங்கை கட்டி நிற்கிற பதின்மூன்று வயசுப் பெண்பிள்ளைகிட்டே, முப்பது பேருக்கு முன்னால் சொல்லிப் பாருங்கள். நீங்களும் சிரிப்பீர்கள். சபையும் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் அன்று ராத்திரி அவள் சாப்பிட மாட்டாள்.

என் கட்சி இவ்வளவுதான். இதை நிரூபித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். (கைதட்டல்)

எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள். மூன்று வாதம் வைத்தார்கள். முதலில் பேசிய அம்மையார், 'அவள் வாயை யாராவது கட்டினார்களா? அம்மா தட்டிலே சோறு வைக்கிறாள், இவள்தானே தள்ளிவிடுகிறாள்?' என்று கேட்டார்கள். அடுத்து வந்த தம்பி, 'உடம்பு ஒரு வீணை, சுருதி கூட்டாமல் வாசிக்க முடியுமா?' என்றார். மூன்றாவதாகப் பேசிய நண்பர், 'கொடியிடை, துடியிடை என்று பாடியது நம்ம இலக்கியம்தானே?' என்று என் துறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். ஒவ்வொன்றாக வருகிறேன்.

எங்கள் கல்லூரியில் ஒரு மாணவி. பெயர் வேண்டாம். இளங்கலை இரண்டாம் ஆண்டு. ஐந்து வயதிலிருந்து பரதம் ஆடுகிறவள். அவள் வர்ணம் ஆடினால் விடுதிச் சமையற்கட்டு ஆட்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்று பார்ப்பார்கள். ஒரு வருஷம் ஆண்டுவிழா ஒத்திகையில், தீர்மானம் முடிக்கிற இடத்தில், அப்படியே சரிந்துவிட்டாள். டாக்டர் நாடி பார்த்தார். நிமிஷத்துக்கு 42. கை ஐஸ் மாதிரி இருந்தது. விசாரித்தால், ஏழு மாசமாகக் காலையில் ஒரு ஆப்பிள், ராத்திரி வெள்ளரிக்காய். விடுதியில் கேட்டால் 'வீட்டிலிருந்து வந்தது, சாப்பிட்டுவிட்டேன்' என்பாள். வீட்டில் கேட்டால் 'விடுதியிலேயே சாப்பிட்டுவிட்டேன்' என்பாள்.

அவள் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். 'ஐயா, நாங்க அவளைப் பட்டினி போடலை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னோம்.' என்ன வார்த்தை? நாட்டிய உடை தைக்கிறவர், 'போன வருஷத்து டிரஸ் இடுப்பிலே பிடிக்குதும்மா, தையலைப் பிரிச்சு விடணும்' என்று சொல்லியிருக்கிறார். அம்மா, 'ஏண்டி, மேடையில பார்க்கச் சகிக்காது, கொஞ்சம் குறைச்சுக்கோ' என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? நாலு கிலோ குறைந்தது. அத்தை, 'இப்பத்தாண்டி சிலை மாதிரி இருக்கே' என்றாள். எட்டு கிலோ குறைந்தது. நாட்டிய வகுப்பிலே பின்வரிசையில் நின்றவளை நடுவிலே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பன்னிரண்டு கிலோ குறைந்தது. ஆஸ்பத்திரி. நடுவர் அவர்களே, நாலுக்குப் பாராட்டு, எட்டுக்குப் பரிசு, பன்னிரண்டுக்குக் குளுக்கோஸ் பாட்டில்! நடுவிலே எந்த இடத்தில் நிறுத்தணும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? வாயை யாரும் கட்டவில்லை, உண்மைதான். எல்லாரும் வாயைத் திறந்தார்கள், அதனால் அவள் வாயை மூடிக்கொண்டாள். (கைதட்டல்)

'சொன்னது நீங்கள், ஆனால் நிறுத்தாமல் போனது அவள் பிடிவாதம்தானே?' என்று அம்மையார் கேட்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசி நாட்கள். ஐரோப்பாவில் பஞ்சம். பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி மறுபடி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக, 1944, 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். தாங்களாக முன்வந்த 36 இளைஞர்கள். உடம்பும் மனசும் திடமாக இருந்தவர்கள். அவர்களுக்கு 24 வாரம் பாதி வயிற்றுச் சாப்பாடு. எடையில் ஏறத்தாழக் கால்பங்கு போயிற்று. எடை குறைந்தது பெரிசில்லை. மனசு என்ன ஆயிற்று என்பதுதான் செய்தி. எந்நேரமும் சோற்றைப் பற்றியே பேச்சு. சமையல் புத்தகத்தை நாவல் மாதிரி படித்தார்கள். சிரிப்பு போயிற்று, நண்பர்கள் வேண்டாம் என்றார்கள், தனியாக உட்கார்ந்து ஒரு பருக்கையை அரை மணி நேரம் மென்றார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் யாரும் பரதநாட்டியம் ஆடவில்லை! ஒட்டியாணம் கட்டவில்லை! (சிரிப்பு) கண்ணாடி முன்னால் நின்று இடுப்பைப் பார்த்து அழவில்லை. வெறும் பசி. அந்தப் பசியே அவர்கள் மனசைப் பிடித்து ஆட்டியது. அதனால்தான் சொல்கிறேன்: முதல் நாள் சாப்பாட்டைத் தள்ளியது வேண்டுமானால் அவள் கையாக இருக்கலாம். ஆறாவது மாசம் தள்ளுவது அவள் கை இல்லை, நோயின் கை. காய்ச்சல் வந்தவளைப் பார்த்து 'உனக்கு உடம்பு சுட ஆசையா?' என்று யாராவது கேட்பார்களா?

அடுத்து, வீணைத் தம்பிக்கு வருகிறேன். உவமை அழகு. உடம்பு வீணைதான், ஒத்துக்கொள்கிறேன். சுருதி கூட்டலாம், தந்தியை முறுக்கலாம். ஆனால் தம்பி, அடுப்புக்கு விறகு போதவில்லை என்று வீணையை உடைத்து அடுப்பிலே வைக்கலாமா? (பலத்த கைதட்டல்)

உடம்பு அதைத்தான் செய்கிறது. சம்பளம் குறைந்துபோன குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவி முதலில் எதை நிறுத்துவாள்? கல்யாணச் செலவை நிறுத்துவாள். 'இப்போ வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்.' அதுதான் மாதவிலக்கு நின்றுபோவது. அடுத்து வீட்டு ரிப்பேரை நிறுத்துவாள். அதுதான் எலும்பு. பெண்பிள்ளைக்கு வாழ்நாளுக்கு வேண்டிய எலும்பு பலத்தில் 100க்கு 90 பங்கு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சேர்க்கவேண்டிய வயதிலே சேர்க்காவிட்டால் பிறகு சேர்ப்பது கடினம். அடுத்து கரண்ட் செலவைக் குறைப்பாள். அதுதான் இதயம் மெதுவாகத் துடிப்பது, கை கால் சில்லிட்டுப்போவது. இப்படி எல்லாச் செலவையும் வெட்டிக்கொண்டு, பிள்ளை மட்டும் மேடையில் தாம் தைய தத் தை என்று தரையை உதைக்கிறாள்! அரைமண்டியில் உட்கார்ந்து, சிமெண்டுத் தரையிலே, ஆயிரம் தடவை. அந்த எலும்பு என்ன செய்யும்? மயிரிழை மாதிரி விரிசல் விடும். முன்னங்காலில், பாதத்தில். 'சுளுக்கு' என்று எண்ணெய் தேய்ப்போம்!

இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. சாப்பாட்டுக் குறைவு, மாதவிலக்கு நிற்பது, எலும்பு மெலிவது – இந்த மூன்றும் கைகோத்து வரும் என்று விளையாட்டு மருத்துவர்கள் 1992லேயே அதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வல்லுநர்கள் ஒரு படி மேலே போய், இந்த மூன்றோடு நிற்பதில்லை, இதயம், செரிமானம், மனம் எல்லாவற்றையும் இந்த ஆற்றல் பற்றாக்குறை தாக்கும், ஆண்பிள்ளைகளையும் விடாது என்று அறிவித்தார்கள்.

நாட்டியக்காரர்களிடம் இது எவ்வளவு? இதை அதிகமாக எண்ணிப் பார்த்தவர்கள் மேலை நாட்டு பாலே நடனக்காரர்கள். அதனால் கொஞ்சம் அங்கே போய்விட்டு வருவோம். 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதற்கு முன் நடந்த 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நடனம் ஆடுகிறவர்களில் 100க்கு 12 பேருக்கு உணவு சார்ந்த மனநோய். பாலே ஆடுகிறவர்களில் 100க்கு 16 பேர். ஆடாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஆபத்து.

நடுவர் அவர்களே, இங்கேதான் எதிரணி மாட்டிக்கொள்கிறது. ஒல்லியாக ஆசைப்படுவது பெண்பிள்ளையின் சொந்த ஆசை என்றால், எல்லாப் பெண்பிள்ளைக்கும் ஒரே அளவுதானே இருக்கணும்? ஆடுகிற பிள்ளைக்கு மட்டும் ஏன் மூன்று மடங்கு? ஆடுகிற இடத்திலே என்னமோ இருக்கிறது! அங்கே ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது, ஒட்டிய உடை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்திலே நின்று சொல்கிற ஒரு நாக்கு இருக்கிறது. (கைதட்டல்)

அந்த நாக்குக்குச் சாட்சி வேண்டுமா? கெல்சி கிர்க்லண்ட். அமெரிக்காவின் மகத்தான பாலே கலைஞர்களில் ஒருவர். 1968இல், 15 வயதில், நியூயார்க் நகர பாலே குழுவில் சேர்ந்தவர். ஏற்கெனவே மெலிந்த பிள்ளை. குழுவின் தலைவர், உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் பாலன்சின், அவர் நெஞ்செலும்பை விரலால் தட்டி, எலும்பு தெரியவேண்டும் என்று சொன்னதாக 1986இல் வந்த தன் வரலாற்றில் அந்த அம்மையார் எழுதியிருக்கிறார். பல வருஷம் பட்டினியும் வாந்தியுமாகச் சீரழிந்த கதையையும் எழுதியிருக்கிறார். பல வருஷம் கழித்து எழுதும்போதும் அந்த ஒரு தட்டு மறக்கவில்லை!

'அது பழைய கதை' என்பீர்கள். 2019ஆம் ஆண்டு, வியன்னா நகரத்து அரசு ஓபராவின் பாலே பள்ளி. அங்கே பிள்ளைகளை நடத்திய முறை பற்றிப் புகார் வந்து, ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு என்ன சொன்னது? எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளைச் சிகரெட் பிடிக்கத் தூண்டியிருக்கிறார்கள்! இன்னொன்றும் சொன்னது. பிள்ளைகளைப் பெயரோடு சட்டை அளவையும் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம்ம ஊர்ல இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவோம். அங்கே சட்டை அளவைச் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்! அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்திலே டேப் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பிள்ளை பட்டினி கிடந்தால் அது அவள் ஆசையா?

வியன்னாவைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். 'குண்டு மல்லிகா', 'பூசணி', 'யானைக்குட்டி' – நம்ம வீட்டிலே கொஞ்சலாகவே கூப்பிடுகிற பெயர்கள்தானே இதெல்லாம்?

தம்பிக்கு இன்னும் ஒன்று. மெலிந்தால்தான் கலை வரும் என்றால், பாலசரஸ்வதி அம்மையாரை எங்கே வைப்பீர்கள்? 1918இல் பிறந்து, ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். 1973இல் சங்கீத கலாநிதி. 1976இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி 'பாலா' என்று படமே எடுத்தார். அப்போது அம்மையாருக்கு 58 வயது. நிறைந்த உடம்பு. கடற்கரையில், புடவைத் தலைப்பு காற்றிலே பறக்க, குழந்தைக் கண்ணனைக் கூப்பிடுகிறார். அதைப் பார்க்கிறவன் எவனாவது இடுப்பைப் பார்ப்பானா? கண்ணன் எங்கே வருகிறான் என்று திரும்பிப் பார்ப்பான்! (கைதட்டல்) அதற்குப் பெயர்தான் அபிநயம். ஒட்டியாணம் இடுப்புக்காகச் செய்தது ஐயா. ஒட்டியாணத்துக்காக இடுப்பைச் செய்ய முடியாது!

மூன்றாவது வாதம், இலக்கியம். நண்பர் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார், காபி கொடுக்காமல் அனுப்பக்கூடாது. (சிரிப்பு) கொடியிடை என்று பாடினார்கள், உண்மை. இடையே இல்லை என்றுகூடப் பாடினார்கள். அது கவிஞர்கள் வழக்கம். அவர்கள் முகத்தை நிலா என்றும் சொன்னார்கள், அதற்காக யாரும் மூஞ்சியிலே பள்ளம் தோண்டிக்கொள்ளவில்லை! (சிரிப்பு)

சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். தமிழில் நாட்டிய மேடைக்கு இலக்கணம் சொல்லும் பகுதி அரங்கேற்று காதை. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறுகிறாள். இளங்கோவடிகள் அளவுகோலோடு நிற்கிறார். 24 விரல் கொண்டது ஒரு கோல். மேடை அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். ஆடலாசிரியனுக்கு என்ன தகுதி, இசையாசிரியனுக்கு என்ன தகுதி, பாட்டு எழுதுகிறவன், தண்ணுமை வாசிக்கிறவன், குழல் ஊதுகிறவன், யாழ் மீட்டுகிறவன் – ஒவ்வொருவருக்கும் வரிவரியாகத் தகுதி சொல்கிறார். மாதவியின் இடுப்பு எத்தனை விரல்? சொல்லவில்லை! அளவுகோலை மேடையிலே வைத்தார், பெண்பிள்ளை மேலே வைக்கவில்லை. நாம் மேடையை அளப்பதை விட்டுவிட்டோம், பிள்ளையை அளக்க ஆரம்பித்துவிட்டோம். (பலத்த கைதட்டல்)

நண்பர் உடனே சொல்வார், 'ஆடல், பாடல், அழகு மூன்றும் வேண்டும் என்று இளங்கோ சொல்லியிருக்கிறாரே!' சொல்லியிருக்கிறார். மூன்றும் குறையாமல் இருக்கவேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது குறையாத அழகு. நாம் கேட்பது குறைத்த அழகு!

இன்னும் பின்னால் போங்கள், சங்க இலக்கியம். அங்கே பெண்ணின் உடம்பு மெலிவது அழகா? வளையல் கழன்று விழுந்தால் அது துயரத்தின் அடையாளம். தோள் மெலிந்தால் தோழி பதறுகிறாள். அகநானூற்றின் 48ஆம் பாட்டில் ஒரு தாய், மகள் பால்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறாள், முகம் வெளிறிவிட்டது, என்ன காரணம் என்று தோழியைக் கூப்பிட்டுக் கேட்கிறாள். வேறு பாடல்களில் தாய், மகளுக்கு என்னவோ ஆயிற்று என்று வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டே நடத்துகிறாள். வைத்தியம் தவறாக இருக்கலாம். ஆனால் நோய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது!

இன்று என்ன நடக்கிறது? மகளின் வளையல் கழன்று விழுகிறது. தோழி, 'எப்படிடி குறைச்சே, எனக்கும் சொல்லு' என்கிறாள். தாய் அடுத்த அளவு வளையல் வாங்கக் கடைக்குப் போகிறாள்! இரண்டாயிரம் வருஷமாகப் பெண் மெலிந்தால் 'என்ன ஆச்சு?' என்று கேட்ட மொழி ஐயா இது. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு அங்கே பாராட்டை வைத்துவிட்டோம். இதுதான் என் வாதத்தின் உயிர். (கைதட்டல்)

நம்ம பாட்டிமார்கூட, 'கொஞ்சம் சதை போட்டிருக்கே, இப்பத்தான் லட்சணமா இருக்கே' என்று சொன்னவர்கள்தான். இதே மாதிரி வழக்கம் இருந்த இன்னொரு ஊர் பசிபிக் கடலில் இருக்கிறது. பிஜித் தீவு. அங்கே பூர்வகுடி மக்களிடம் உடம்பு பூசினாற்போல இருப்பதுதான் அழகு. 1995இல் நட்ரோகா என்ற பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அப்போதே பள்ளி மாணவியரிடம் கேட்டார். எடை குறைப்பதற்காக வாந்தி எடுக்கிறேன் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998இல் மறுபடி போய்க் கேட்டார். 100க்கு 11 பேர் சொன்னார்கள்! மூன்றே வருஷம். அந்தத் தீவுப் பெண்களுக்குத் திடீரென்று ஆசை ஊற்றெடுத்ததா? அவர்கள் கண்ணுக்குள்ளே வேறு யாரோ ஒருவர் கண் வந்து உட்கார்ந்துகொண்டது. தொலைக்காட்சியில் நின்றுகொண்டே தொலைக்காட்சியைக் குறை சொல்கிறேன், இந்த இடத்தை வெட்டாமல் போடுவார்கள் என்று நம்புகிறேன்! (சிரிப்பு)

நடுவர்: ஐயா, ஒரு சந்தேகம். அப்போ குருநாதர் மாணவியைப் பார்த்து எதுவுமே சொல்லக்கூடாதா? கண்டிப்பு இல்லாமல் கலை வருமா?

நல்ல கேள்வி ஐயா. கண்டிக்கட்டும். 'அரைமண்டி போதாது, இன்னும் உட்காரு' – சொல்லட்டும். 'முழங்கை தொங்குது, தூக்கு' – நூறு தடவை சொல்லட்டும். 'தாளம் தப்புது' – தட்டுக்கழியைத் தட்டிச் சொல்லட்டும். இதெல்லாம் அடவைத் திருத்துவது. 'இடுப்பைக் குறை, தொடையைக் குறை' என்பது உடம்பைத் திருத்துவது. அடவைத் திருத்தினால் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பயிற்சி செய்வாள். உடம்பைத் திருத்தினால் வீட்டுக்குப் போய்ப் பட்டினி கிடப்பாள். அடவைத் திருத்துகிறவர்தான் குரு. உடம்பைத் திருத்த டாக்டர் இருக்கிறார். (கைதட்டல்)

வள்ளுவரும் 95ஆம் அதிகாரத்தில், 'மருந்து' என்ற தலைப்பில், அளவோடு சாப்பிடத்தான் சொல்கிறார். ஆனால் நன்றாகப் பசித்த பிறகு உண் என்றுதான் சொன்னார். பசித்த பிறகும் உண்ணாதே என்று சொல்லவில்லை. நாக்கு சுட்ட வடுவைப் பற்றி அவர் சொன்னதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும், நான் சொல்லவேண்டியதில்லை.

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். ஆனால் குற்றம் சாட்டிவிட்டு மட்டும் போனால் பாவம். வழி சொல்லிவிட்டுப் போகிறேன்.

வீட்டிலே ஆடுகிற பிள்ளை இருக்கிறதா? கவனியுங்கள். ஆணானாலும் பெண்ணானாலும் சரி. எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட மறுக்கிறதா? சாப்பிட்ட கையோடு குளியலறைக்கு ஓடித் தாழ்ப்பாள் போடுகிறதா? எப்போதும் குளிர்கிறது என்கிறதா? முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறதா? மூன்று மாசமாக மாதவிலக்கு வரவில்லையா? 'ஆட்டம் அதிகம், அதனால்தான்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயமே நின்றுபோகலாம். மனநோய்களிலேயே அதிகமாக உயிர் குடிக்கிறவற்றில் இந்தப் பட்டினி நோயும் ஒன்று. ஒல்லியாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்றும் நினைக்காதீர்கள். பார்த்தால் சாதாரணமாக இருக்கிற பிள்ளைக்கும் வரும். மனநல மருத்துவரிடம் போக வெட்கப்படவேண்டாம். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

மருத்துவம் உண்டா? உண்டு. 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஒரு முறையை உருவாக்கினார்கள். பிள்ளையைக் குற்றவாளியாக்காமல், பெற்றோரையும் குற்றவாளியாக்காமல், 'சோறுதான் மருந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுங்கள்' என்று குடும்பத்தையே மருத்துவத்தில் சேர்த்தார்கள். வளரிளம் பிள்ளைகளுக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை அதுதான். எங்கள் மாணவிக்கும் அந்த வழியில்தான் சிகிச்சை நடந்தது. ஒரு வருஷம் ஆயிற்று. எந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னாரோ, அந்த அம்மாதான் வேளாவேளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டார். ஒருநாளும் எடையைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளை பிழைத்தாள். இன்று பிள்ளைகளுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் வகுப்பில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. வகுப்பு முடிந்தால் எல்லாருக்கும் சுண்டல் உண்டு! (கைதட்டல்)

கடைசியாக ஒன்று. தமிழில் பசியை 'பிணி' என்று சொல்லி, அதைத் தீர்க்கப் புறப்பட்ட ஒரு பெண் உண்டு. மணிமேகலை. அவள் யார்? ஆடல்மகள் மாதவியின் மகள்! சலங்கை கட்டிய தாய்க்குப் பிறந்தவள் கையிலேதான் அமுதசுரபி வந்தது. அந்தக் காப்பியத்தில் காயசண்டிகை என்று ஒருத்தி. முனிவர் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் பசி நோய். எவ்வளவு தின்றாலும் அடங்காது. அவளைப் பார்த்து மணிமேகலை, 'உனக்கு வாய்க்கட்டு இல்லையா?' என்று கேட்கவில்லை. உடம்பைப் பார்த்து ஒரு சொல் சொல்லவில்லை. சோறிட்டாள், பிணி தீர்ந்தது. தின்று தின்று அடங்காத பசியும் பிணி, தின்ன விடாத பயமும் பிணி. இரண்டுக்கும் ஏச்சு மருந்தாகாது.

ஆடுகிற பிள்ளைகளை அமுதசுரபியின் வாரிசுகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தட்டு காலியாக இருந்தால் அது அவர்கள் ஆசையால் காலியானது இல்லை. நாம் ஆளுக்கொரு சொல்லாக எடுத்து எடுத்துக் காலியாக்கினோம். அதே வாயால் 'வா கண்ணு, சாப்பிட்டுட்டு ஆடு' என்று சொன்னால் அந்தத் தட்டு நிறையும்.

எனவே நடுவர் அவர்களே, ஆடற்கலை பயிலும் பிள்ளைகள் பட்டினி கிடந்து உடம்பை வருத்திக்கொள்ளப் பெரிதும் காரணம் சுற்றியிருப்போர் சொல்லே, சொல்லே, சொல்லே என்று நல்ல தீர்ப்பு வழங்கவேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)